புகைக்கூண்டுக்குள் ஒரு சீறல்

எங்கள் வீட்டுப் புகைக்கூண்டில் பாம்பு இருக்கிறது என்று மதினி சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். பிரசவத்துக்குப் புளியங்குடிக்குப் போயிருந்த நான், கைப்பிள்ளையோடு அன்றைக்குத்தான் சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். பிள்ளைக்கு வெந்நீர் போட வேண்டும். பஸ்ஸில் பட்ட தூசி போக நானும் தலைக்கு ஊற்ற வேண்டும். அடுப்பில் விறகை வைத்துத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். மதினி வேகமாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்த வைக்காத. மேல நல்லது வந்து இருக்கு."

பாம்பு என்ற சொல்லை அவள் வாயால் சொல்ல மாட்டாள். நல்லது என்றுதான் சொல்வாள்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. திருவேங்கடம் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபிறகு தம்பியோடு வந்து இருந்தாள். நான் கல்யாணமாகி வரும்போதே அந்தச் சமையலறை அவளுடையதாகத்தான் இருந்தது. உப்புச் சாடி எங்கே இருக்கவேண்டும் என்பதிலிருந்து எல்லாம் அவள் வைத்த சட்டம். என் வீட்டுக்காரர் தென்காசி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஊரையே அதட்டி ஏற்றி இறக்குகிற மனுஷன், அக்கா முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அதனால் எனக்குள் எப்போதும் ஒரு சின்னக் கடுகடுப்பு இருந்துகொண்டே இருக்கும். அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது.

அந்தப் புகைக்கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் புகை ஓட்டு இடுக்கு வழியாகத் தன் இஷ்டத்துக்குப் போகும். எங்கள் மாமனார் யாரோ பணக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, அடுப்பு மேடைக்கு மேலே செங்கல்லில் ஒரு கூண்டு கட்டி, அதிலிருந்து சுவரோடு சுவராகப் புகைக்கு ஒரு தனி வழி விட்டிருந்தார். அது பாதி உயரம் நேராக ஏறி, பிறகு கொஞ்சம் சாய்ந்து திரும்பி, மொட்டைமாடியில் ஒரு ஓட்டுத் தொப்பியோடு முடியும். நான் ஊரில் இல்லாத மாதங்களில் அக்காவும் தம்பியும், இரண்டு பேருக்கு எதற்கு விறகு என்று திரி ஸ்டவ்வை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள். புகை ஏறாத கூண்டில் எது வேண்டுமானாலும் குடிவரலாம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நானே கேட்டேன். பம்ப் ஸ்டவ்வில் காற்றைத் திறந்துவிட்டமாதிரி நீளமாக ஒரு சீறல். நின்றது. மறுபடியும் வந்தது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் வாசல்பக்கம் போய்விட்டேன். எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வேறு ஊராக இருந்தால் ஒரு கட்டுக் காய்ந்த பருத்திமாரைக் கொளுத்தி மூட்டம் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, வாயிலும் ஒரு துளி போட்டுக்கொள்கிற ஊர். வீட்டில் பாம்பு, தேள் தட்டுப்பட்டால் எங்கெங்கோ இருந்தெல்லாம் இங்கே வந்து, வெள்ளித் தகட்டில் அதன் உரு வாங்கி உண்டியலில் போட்டுவிட்டுப் போவார்கள். உள்ளூரில் இருந்துகொண்டு அதைப் புகைபோட்டு விரட்டுவதா? அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

பத்தியச் சமையலும் வெந்நீரும் திரி ஸ்டவ்வுக்குத் தாங்காது. மதினி பின்கட்டில் தகரத் தாழ்வாரத்தின் கீழ் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பாக்கினாள். ஐப்பசி மாதம். மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. விறகு ஈரம். ஊதி ஊதி அவள் கண் சிவந்து, இருமல் பிடித்துவிட்டது. நான் போய் ஊதுகிறேன் என்றால், பிள்ளைக்காரி ஈரத்தில் நிற்கக்கூடாது என்று உள்ளே அனுப்பிவிடுவாள். என் பத்தியத்துக்குப் பூண்டுக்குழம்பு, என் பிள்ளைக்கு வெந்நீர், எல்லாம் அந்த மழையில் இருந்துதான் உள்ளே வரும். காய்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் அவள் முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. இரவில் அயர்ந்து தூங்கினாள். அது எனக்கு விளங்கவேயில்லை.

காரணத்தை ஒருநாள் அவளே சொன்னாள். நான் கோபத்தில், உங்களுக்கு இருமல் முற்றினால் யார் பார்ப்பது, ஒரு வெள்ளி உரு வாங்கிப் போட்டு முடித்துவிடலாமே என்று கத்திவிட்டேன். உருதானே போடமுடியவில்லை என்றாள் மதினி.

அவள் புருஷனை ஒரு தடவை காட்டில் பாம்பு கடித்திருக்கிறது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது. மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வருகிற வழியெல்லாம், பிழைத்தால் அவரே நடந்துவந்து தன் கையால் வெள்ளி நாகம் போடுவார் என்று இவள் எங்கள் ஊர்க் கோமதியம்மனிடம் வேண்டியிருக்கிறாள். அவரும் பிழைத்துக்கொண்டார். உடம்பு தேறியதும், கோயில் வாசலில் விற்கிற தகட்டு உருவை வாங்கிப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று அவர் கிளம்பியிருக்கிறார். இவள்தான் தடுத்திருக்கிறாள். போன உயிரைத் திருப்பித் தந்தவளுக்கு ஊதினால் பறக்கிற தகடா, ஆசாரியிடம் சொல்லிக் கெட்டி வெள்ளியில் செய்து போடுவோம் என்று. அந்த வருஷம் பருத்தி சரியில்லை. அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். ஆடி வருவதற்குள் அவருக்கு மஞ்சள்காமாலை வந்து, போய்விட்டார்.

அவர் கையால் போடுவார் என்று சொன்னது. இனி யார் கையால் போடுவது? கோயிலில் கேட்டதற்கு, அதனாலென்ன, நீயே போடம்மா என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இவளுக்கு மனசு ஒப்பவில்லை. சாமிக்குச் சொன்ன வாக்கைப் பிறகு மாற்றமுடியாது என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள், உண்டியல் பக்கம் மட்டும் போக மாட்டாள். அவரைக் கொன்றது தன் வீம்புதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே வீட்டில் இத்தனை நாள் உப்புச் சாடிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இப்ப கேக்க வந்திருக்கு," என்றாள் மதினி. "நான் சமைக்கிற அடுப்புக்கு மேலயே வந்து இருந்துக்கிட்டு கேக்குது. அதான் அடுப்ப அதுக்கு விட்டுக் குடுத்துட்டேன். அதுவா மனசு எறங்கிப் போச்சுன்னா கணக்கு தீந்துருச்சுன்னு அர்த்தம்."

அவள் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி அடுப்பு மேடையில் வைப்பாள். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். அதைப் பார்த்து அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பால் குடித்தது எதிர்வீட்டுப் பூனை. மீசையில் பாலோடு அது ஜன்னலில் குதித்து ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தப் பூனைதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. நல்ல பாம்பு இருக்கிற இடத்தில் பூனை இப்படி சாவகாசமாகப் பால் குடிக்குமா?

நான் எலுமிச்சங்காய்த் தரகர் வீட்டுப் பெண். எங்கள் அப்பா மூட்டையில் கைவிட்டு ஒரு காயை எடுத்து நறுக்கிப் பார்க்காமல் யார் சொல்லையும் நம்ப மாட்டார். அந்தப் புத்தி எனக்கும் உண்டு. சந்தேகம் வந்துவிட்டால் அதை நறுக்கிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாம்பு சீண்டினால்தான் சீறும். காய் மூட்டை அடுக்குகிற எங்கள் கிட்டங்கியில் சாரையும் நல்லதும் பார்த்து வளர்ந்தவள் நான். இதுவோ யாரும் சீண்டாமலே பொழுது சாய்ந்ததும் சீறத் தொடங்கும். மேலே ஓட்டுத் தொப்பியில் பொத்தென்று ஏதோ உட்கார்ந்த சத்தம் கேட்கும். உடனே சீறல் ஒன்று இரண்டாகி, பலவாகி, ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். பிறகு அடங்கிவிடும். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் பிள்ளைகள் அடங்குகிறமாதிரி.

அடுத்ததாக, ஆறிக்கிடந்த அடுப்புச் சாம்பலில் ஒரு கறுத்த உருண்டை விழுந்து கிடந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். ஈர்க்குச்சியால் கிளறினேன். உள்ளே எலி மயிர், ஊசி ஊசியாய் எலும்பு, பல்லோடு ஒரு சின்ன மண்டை. பாம்பு எலியை விழுங்கினால் எலும்பைத் திருப்பித் தருகிற வழக்கமில்லை. மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். தொப்பியைச் சுற்றிச் சுண்ணாம்பை வழியவிட்டமாதிரி வெள்ளை வெள்ளையாய் எச்சம். எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கண்ணால் பார்க்கவேண்டும்.

மதினி கோயிலுக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டு வெயில் அடித்தது. என் வீட்டுக்காரருக்கு அன்று ஓய்வு நாள். அவர் சவரக் கண்ணாடியை அடுப்புக்குள் சாம்பல்மேல் சாய்த்து வைத்தேன். சுவரில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, பின்வாசலில் நின்று வெயிலை உள்ளே திருப்பச் சொன்னேன். அவர் கண்ணாடியை அப்படியும் இப்படியும் சாய்த்ததில் வெளிச்சம் சமையலறை முழுக்க அலைந்தது. அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் முனங்கிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக வெளிச்சம் சவரக் கண்ணாடியில் விழுந்து மேலே ஏறியது. நான் குனிந்து அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தேன். கூண்டு திரும்புகிற இடத்தில் ஒரு செங்கல் திட்டு. அதில் கோலமாவில் முக்கி எடுத்தமாதிரி நாலு வெள்ளை முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வெளிச்சம் பட்டதும் நாலும் வாயைத் திறந்து சீறின.

கூகைக் குஞ்சுகள்.

ஆந்தையா, சாக்குருவியா என்று அவர் பதறினார். பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் சாக்குருவி இருக்கலாமா, இப்போதே மூட்டம் போடு என்று தீப்பெட்டியைத் தேடினார். அத்தனை நாள் பாம்பு என்று கைகட்டி நின்றவருக்குப் பறவை என்றதும் வந்த வீரத்தைப் பார்க்கவேண்டுமே. மூட்டம் போட்டால் அவை நம் அடுப்பில்தான் வந்து விழுந்து வேகும், அதைப் பார்க்கச் சம்மதமா என்று கேட்டேன். தீப்பெட்டியை வைத்துவிட்டார்.

மதினி வாசல்படி ஏறும்போதே சொல்லிவிட்டேன். அவள் கையில் இலையில் மடித்த புற்றுமண் இருந்தது. அதை வைக்கக்கூட விடவில்லை. பாம்புமில்லை ஒன்றுமில்லை, கூகை குஞ்சு பொரித்திருக்கிறது, நீங்கள் மழையில் செத்தது போதும் என்று சொன்னேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். உங்களிடம் யாரும் எதையும் கேட்டு வரவில்லை, நிம்மதியாக இருங்கள் என்று சொல்கிறதாகத்தான் எனக்கு நினைப்பு. ஆனால் என் குரல் அப்படி இருந்திருக்காது. ஜெயித்தவள் குரலாக இருந்திருக்கும். அந்தச் சமையலறையில் முதல்தடவையாக நான் சரி, அவள் தப்பு.

அவள் நம்பவில்லை. நான் விடவில்லை. அவள் தம்பியை மறுபடியும் கண்ணாடி பிடிக்க வைத்து, அவளைக் கூட்டிவந்து அடுப்புமுன் குனியச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். குஞ்சுகள் சீறின. அவள் திடுக்கிடவில்லை.

"சின்னஞ்சிறுசா இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

நிமிர்ந்து, சவரக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையால் துடைத்து ஆணியில் மாட்டினாள். தம்பி அவற்றை எப்படி விரட்டுவது என்று ஆரம்பித்தபோது, றெக்கை முளைத்தால் அவையே போகும், அதுவரை பின்கட்டிலேயே சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பால் வைக்கவில்லை. எதிர்வீட்டுப் பூனை வந்து மேடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. இரவில் அவள் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.

மறுநாளும் அவள் சரியாகப் பேசவில்லை. கோபம் என்றால் எனக்குப் பழக்கம், பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிடுவேன். இது கோபமில்லை. சோற்றை வடித்தாள், குழம்பைக் கூட்டினாள், வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் மட்டும் ஆள் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, ஈரம் என்று பார்க்காமல் பின்கட்டில் அவள் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். என்ன மதினி, இப்போது நிம்மதிதானே என்று கேட்டேன். கேட்கும்போதே தப்பான கேள்வி என்று தெரிந்தது.

அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"கேக்க வந்திருக்குன்னு நெனச்சிக்கிட்டு இருந்தம்லா, ஏட்டி. அது நல்லா இருந்துச்சு. எத்தன வருஷம் ஆனாலும் அம்மன் மறக்கலன்னு. கேட்டாத்தான குடுக்க முடியும். கேக்கவே வரலன்னா நான் யாருட்ட கொண்டுபோயிக் குடுக்க?"

அவள் மழையில் நின்று இருமியதும், இரவில் அயர்ந்து தூங்கியதும் ஒரே காரணத்தால்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. தண்டனை அல்ல அது அவளுக்கு. வாங்கிக்கொள்ள ஆள் வந்துவிட்டது என்ற ஆறுதல். இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் குஞ்சுகள் பறந்திருக்கும், சீறல் நின்றிருக்கும், அதுவாகவே மனசு இறங்கிப் போய்விட்டது என்று அவள் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். அவ்வளவு வருஷத்துப் பாரமும் அன்றோடு இறங்கியிருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். பூனையைப் பார்த்தபோது மூடத்தெரிந்த வாய்தானே.

வாழ்க்கையில் ஒளிவுமறைவில்லாமல் உண்மையைப் பேசுகிறவள் என்று பெருமைப்பட்ட நான் அன்று பொய் சொன்னேன். கண்ணாடியில் அந்தத் திட்டு வரைக்கும்தான் தெரிந்தது, திருப்பத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அங்கே நல்லது இருந்தாலும் இருக்கும் மதினி, முதல்நாள் நான் கேட்ட சத்தம் இந்தக் குஞ்சுச் சத்தம் மாதிரியே இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

மதினி ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்லது இருக்க எடத்துல எந்தத் தாயாவது பிள்ளையக் கொண்டாந்து வைக்குமா?"

பூனையை வைத்து நான் எப்படிப் பிடித்தேனோ, அதே மாதிரி அவளும் பிடித்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் புகையும் இருந்தது. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படித் தொட்டதில்லை.

"நீ நல்லதுக்குத்தான பாத்த. எனக்கு இருமுதேன்னுதான பாத்த. மனசப் போட்டு ஒழப்பாத, போ. பிள்ள முழிச்சிரும்."

எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள். தன்னை மன்னிக்க ஒரு பாம்பாவது வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள், அந்தப் பாம்பை இல்லையென்று காட்டிய என்னைக் காக்கவைக்காமல் மன்னித்துவிட்டாள். அதைத் திருப்பி அவளுக்குச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. நீங்களும் அவருக்கு நல்லதுக்குத்தானே கெட்டி வெள்ளி என்றீர்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் செல்லாது. அதை அவள் கேட்கக் காத்திருந்தது அம்மனிடமிருந்து, என்னிடமிருந்து இல்லை.